கூட்டத்தைப் படம் பிடிக்க ஒரு கேமரா போதுமா?



தம்பின் வட்டாரத்துத் தோட்டங்களில் கூட்டம் என்றால் என்னவென்று நம் எல்லாருக்கும் தெரியும். கோயில் ஆண்டுப் பொதுக்கூட்டம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், தொழிற்சங்கக் கிளைக் கூட்டம், கூட்டுறவுச் சங்கக் கூட்டம் என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கிறது. பால்மரம் குறைந்து செம்பனை பெருகி, பல குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோன பிறகும் இந்தக் கூட்டங்கள் நிற்கவில்லை. வீட்டு மனை எப்போது கிடைக்கும், கோயில் நிலம் யார் பெயரில் இருக்கிறது, பள்ளியை இடம் மாற்றப் போகிறார்களாமே என்ற கேள்விகளெல்லாம் இன்றைக்கும் கூட்டத்தில்தான் எழுகின்றன.

கூட்டம் முடிந்து ஆறு மாதம் கழிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். 'வந்த அதிகாரி செய்து தருவதாகச் சொன்னார்' என்பார் ஒருவர். 'பார்க்கலாம் என்றுதானே சொன்னார்' என்பார் மற்றொருவர். செயலாளர் எழுதிய குறிப்பேட்டில் 'வீட்டுப் பிரச்சினை பற்றிப் பேசப்பட்டது' என்று ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் ஒன்றரை மணி நேரப் பேச்சும், நாலு பேருடைய கண்ணீரும் அடங்கிப் போயிருக்கும்.

ஆகவேதான் கூட்டத்தைப் படமாகப் பதிவு செய்யும் வழக்கம் வளர்ந்து வருகிறது. முன்பெல்லாம் கல்யாணத்துக்கு வரும் வீடியோக்காரரைத்தான் கூலி கொடுத்து அழைக்க வேண்டியிருந்தது. அவர் தோளில் சுமந்து வரும் பெரிய கேமராவும், கண்ணைக் கூச வைக்கும் விளக்கும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசி இருக்கிறது. அதில் கேமராவும் இருக்கிறது. எனவே கருவிக்குப் பஞ்சமில்லை. அந்தக் கருவிகளை எங்கே நிறுத்துவது, எத்தனை நிறுத்துவது, எடுத்த படத்தை என்ன செய்வது என்பதைத்தான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஒரு கேமராவை வைத்துக் கூட்டத்தைப் படம் எடுப்பவர் என்ன செய்கிறார்? மேடையைப் பார்த்து நிறுத்துகிறார். தலைவர் வருகிறார், மாலை போடுகிறார்கள், பேசுகிறார், எல்லாம் பதிவாகின்றன. பிறகு, பின்வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து, 'ஐயா, எங்கள் லயத்துக்கு மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை' என்று கேட்கிறார். கேமராக்காரர் அவசர அவசரமாகத் திருப்புகிறார். படம் ஆடுகிறது, மங்குகிறது. அந்த அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிவதற்குள் அவர் உட்கார்ந்து விடுகிறார். மேடையில் இருந்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன கிசுகிசுத்தார் என்பதும் பதிவாகவில்லை. மொத்தத்தில், அது மேடையின் பதிவாக இருக்கிறதே தவிரக் கூட்டத்தின் பதிவாக இல்லை. நம் கூட்டங்களில் பெண்கள் பெரும்பாலும் பின்னால்தான் அமர்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேமரா எங்கே பார்க்கிறது என்பது எவ்வளவு பெரிய சங்கதி என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். அந்நாட்டு மக்கள் பிரதிநிதிகள் சபை 1979-ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சியில் காட்டப்பட்டு வருகிறது. பேசுகிறவரை மட்டுமே கேமரா காட்ட வேண்டும் என்பது அன்றைய விதி. அன்றாட அலுவல் முடிந்த பிறகு சில உறுப்பினர்கள் எழுந்து மற்றக் கட்சிக்காரர்களைக் கடுமையாகத் தாக்கிப் பேசுவார்கள்; இடையிடையே பதிலுக்குக் காத்திருப்பது போல நிறுத்துவார்கள். யாரும் பதில் சொல்லவில்லையே என்று வீட்டில் இருந்து பார்க்கிறவர்கள் நினைத்துக் கொள்வார்கள். உண்மையில் எதிரே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன! 1984-ஆம் ஆண்டு மே மாதத்தில் சபாநாயகர் டிப் ஓநீல், கேமராவைச் சபை முழுவதும் சுற்றிக் காட்டும்படி உத்தரவிட்டார். காலி நாற்காலிகளை நாடே பார்த்தது. சபையில் பெரிய சச்சரவும் மூண்டது. பேசியவர்கள் முன்பு சொன்ன சொல்லில் ஒன்றுகூட மாறவில்லை. கேமரா சற்றுத் திரும்பியது, அவ்வளவுதான். பார்த்தவர்களுக்குப் பொருள் முழுவதும் மாறிப் போயிற்று.

பிரிட்டிஷ் மக்கள் சபைக்குள் தொலைக்காட்சிக் கேமரா நுழைந்தது 1989-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில். அங்கும் முதலில் பேசுகிறவரின் தலையும் தோளும் மட்டுமே தெரிய வேண்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். சபையில் கூச்சல் குழப்பம் எழுந்தால் கேமராவைச் சபாநாயகர் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்பதும் ஏற்பாடு. நம் நாட்டிலும் 2008-ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் கேள்வி நேரத்தின் ஒரு பகுதியை ஆர்.டி.எம். நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கியது. பெரிய சபைகளே இத்தனை யோசித்துச் செய்யும் காரியத்தைத் தோட்டத்து மண்டபத்தில் நாம் யோசிக்காமல் செய்யலாமா?

சரி, செய்முறைக்கு வருவோம்.

சிறிய மண்டபத்துக்கு மூன்று கேமரா போதும். முதல் கேமரா மண்டபத்தின் பின்புறம், நடுவில், ஒரு மேசையின் மேல் உயரமாக நிற்க வேண்டும். மேடையும் கூட்டமும் அதில் சேர்ந்து தெரிய வேண்டும். தொடங்கியது முதல் முடியும் வரை அதை யாரும் தொடக் கூடாது. பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். எனினும் மற்ற இரண்டு கேமராவும் கோளாறு செய்தாலும் கூட்டம் முழுவதும் நம் கையில் இருக்கும். இந்தக் கேமராவுக்குத் துடிப்பான இளைஞரை வைக்காதீர்கள். அவரால் சும்மா இருக்க முடியாது. பொறுமைசாலி ஒருவரை வையுங்கள்.

இரண்டாவது கேமரா பேசுகிறவரின் முகத்துக்கு உரியது. மூன்றாவது, மேடையின் ஓரத்திலிருந்து மக்களைப் பார்ப்பது. இவ்விரண்டையும் மண்டபத்தின் ஒரே பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பது படத்தொழிலில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் முறை. அதற்குக் காரணம் உண்டு. மேடையை நோக்கி உட்கார்ந்திருப்பவர்களின் இடக்கைப் பக்கத்தில் இரண்டையும் வைத்தோம் என்று கொள்வோம். படத்தில் பேச்சாளர் வலப்புறம் பார்த்துப் பேசுவார்; மக்கள் இடப்புறம் பார்த்துக் கேட்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் எதிரெதிரே இருந்து பேசிக்கொள்வதாகத் தெரியும். மூன்றாவது கேமராவை மட்டும் எதிர்ப்பக்கம் கொண்டு போய் வைத்தால், பேச்சாளரும் மக்களும் ஒரே திசையைப் பார்ப்பது போல இருக்கும். மக்கள் அவருக்கு முதுகைக் காட்டுவது போலக்கூடத் தோன்றும். நடந்தது அதுவல்லவே!

மூன்றாவது கேமராக்காரருக்குத்தான் வேலை அதிகம். யார் கை தூக்குகிறார்கள், யார் எழுந்திருக்கப் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தோட்டத்து மக்களை முகம் அறிந்தவராக இருந்தால் நல்லது. பேச நினைத்துத் தயங்கும் பெரியவரை அவருக்குத்தான் அடையாளம் தெரியும்.

படத்தை விட ஒலி முக்கியம். இதைச் சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள். படம் மங்கலாக இருந்து பேச்சு தெளிவாகக் கேட்டால் அந்தப் பதிவு பயன்படும். படம் பளிச்சென்று இருந்து பேச்சு கேட்காவிட்டால் அதைக் கொண்டு என்ன செய்வது? மண்டபத்தின் பின்புறம் இருக்கும் கைப்பேசி, மின்விசிறிச் சத்தத்தையும் குழந்தை அழுகையையும்தான் நன்றாகப் பிடிக்கும். ஆகவே ஒலிபெருக்கிக் கருவியிலிருந்து ஒரு கம்பி இழுத்துத் தனியே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் பேச்சாளர் முன்னால் இருக்கும் ஒலிவாங்கியின் அருகில் இன்னொரு கைப்பேசியை வைத்துவிடலாம். மக்கள் கேள்வி கேட்கும்போது இன்னொரு ஒலிவாங்கியை யாராவது ஒரு தம்பி எடுத்துக்கொண்டு அவர்களிடம் ஓட வேண்டும். ஒலிவாங்கி தம்மைத் தேடி வந்தால், வழக்கமாகப் பேசாத பெண்களும் இரண்டு வார்த்தை பேசுவார்கள்.

மூன்று படத்தையும் ஒலியையும் பிறகு எப்படி ஒன்றாகப் பொருத்துவது? சினிமாக்காரர்கள் பலகை தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நமக்குப் பலகை வேண்டாம். எல்லாக் கருவிகளையும் ஓடவிட்ட பிறகு ஒருவர் மண்டபத்தின் நடுவில் நின்று ஓங்கி ஒரு முறை கை தட்டினால் போதும். கை சேரும் படத்தையும் 'பட்' என்ற ஓசையையும் ஒவ்வொன்றிலும் கண்டுபிடித்துப் பொருத்திவிடலாம். முடிவிலும் ஒரு முறை தட்டுங்கள். நீண்ட கூட்டத்தில் கருவிகளின் கடிகாரம் சிறிது சிறிதாக விலகிப் போவதுண்டு. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் ஓடுகிறது. மேடைக்கு 34 மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்குப் பேச்சு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகத்தான் வந்து சேரும். திடலில் நடக்கும் கூட்டத்தில் உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாக இருப்பது இதனால்தான்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். மூன்று கைப்பேசியையும் விநாடிக்கு 25 படம் என்று ஒரே அளவில் அமைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி உடையது. பழைய குழல்விளக்கின் கீழ் 30 படம் என்று எடுத்தால் சில நேரம் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். அழைப்பு வந்தால் பதிவு நின்று போகக்கூடும் என்பதால் கைப்பேசியைத் தொடர்பு இல்லாத நிலையில் வைத்துவிட வேண்டும். சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரப் படத்துக்கு 4 முதல் 8 கிகாபைட் வரை இடம் தேவைப்படும். அதற்கு மேல் தெளிவு வேண்டுமென்று ஆசைப்படாதீர்கள். பாதிக் கூட்டத்தில் கருவி நிரம்பி நின்றுவிடும்.

இனி நம் கூட்டங்களுக்கே உரிய ஒரு சிக்கலைப் பார்ப்போம். வருகின்ற அதிகாரி மலாய் மொழியில் பேசுகிறார். நம்மவர் ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்கிறார். அதிகாரி 'அக்கான் டிபெர்திம்பாங்கான்' என்கிறார். பரிசீலிக்கப்படும் என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்பவர் நல்லெண்ணத்தினாலோ உற்சாகத்தினாலோ, 'செய்து கொடுத்துவிடுவார்களாம்' என்று சொல்லிவிடுகிறார். மண்டபம் அதிரக் கைதட்டல்! ஓராண்டு கழித்து அதிகாரி ஏமாற்றிவிட்டதாக மக்கள் சொல்வார்கள்; தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்று அதிகாரி சொல்வார். இரண்டும் உண்மைதான். இப்படிப்பட்ட கூட்டத்தில் பேசுகிறவருக்கு ஒரு கேமரா, மொழிபெயர்ப்பவருக்கு ஒரு கேமரா என்று வைத்தால் இருவர் சொன்னதும் அவரவர் வாய்மொழியாகவே நிற்கும். மலாய்ப் பேச்சை வெட்டிவிட்டுத் தமிழை மட்டும் வைத்துக்கொள்வது பெருந்தவறு. பிள்ளைகள் மலாய் படித்தவர்கள். வீட்டில் அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்து, 'அம்மா, அவர் சொன்னது இதுதான்' என்று அவர்களே விளக்கிவிடுவார்கள்.

கூட்டத்தைப் படமாக்குவதைச் சட்டமே கட்டாயப்படுத்தும் இடமும் உண்டு. இந்தியாவில் பெரிய தொழிற்சாலை, சுரங்கம் போன்றவை சுற்றுச்சூழல் அனுமதி பெற விண்ணப்பிக்கும்போது, அந்த வட்டாரத்து மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, கூட்டம் முழுவதையும் வீடியோவில் பதிவு செய்து, அதன் ஒரு படியை அறிக்கையோடு சேர்த்து அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டங்களும் இந்த முறைப்படிதான் நடக்கின்றன. மக்கள் சொன்னவற்றின் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவில் உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்றும் அதில் விதி இருக்கிறது. இந்த விதியை நாமும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் கலைவதற்கு முன்னால் செயலாளர் தீர்மானங்களைப் படிக்கட்டும். முதல் கேமரா அதுவரை ஓடட்டும்.

ஆனால் நேயர்களே, கேமரா ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி அல்ல. மக்களைப் பார்க்கும் அந்த மூன்றாவது கேமரா, யார் எதிர்த்துப் பேசினார், யார் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பதையும் முகத்தோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பதிவு தோட்டத்து ஆபீசுக்கோ, வேண்டாதவர் கைக்கோ போனால் என்ன ஆகும்? வேலையும் வீடும் ஒருவரிடமே இருக்கும் இடத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கை தூக்கி வாக்கெடுக்கும் நேரத்தில் மூன்றாவது கேமராவை நிறுத்திவிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. பின்னால் உயரத்தில் இருக்கும் முதல் கேமரா கைகளைக் காட்டும், எண்ணிக் கொள்ளலாம், முகம் தெரியாது. தொழிற்சங்கத் தேர்தல் போன்ற இரகசிய வாக்கெடுப்பு என்றால் எல்லாக் கேமராவையும் மூடிவிட வேண்டும். இரகசிய வாக்கு என்பது 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் தொழிலாளருக்குத் தந்திருக்கும் பாதுகாப்பு. நாமே அதைப் படம் பிடித்துக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கூட்டம் தொடங்கும்போதே, 'இன்று படம் எடுக்கிறோம். இன்னின்ன இடத்தில் கேமரா இருக்கிறது. படத்தில் வர விரும்பாதவர்கள் இந்தப் பக்கம் உட்காரலாம்' என்று தலைவர் அறிவித்துவிட வேண்டும். பேசிய பிறகு, 'என் பேச்சை எடுத்துவிடுங்கள் தம்பி' என்று ஒருவர் வந்து கேட்டால் என்ன செய்வது? இதற்குக் கனடா நாட்டில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. நியூபவுண்ட்லாந்து பகுதியில் போகோ என்ற தீவு. மீன்பிடித் தொழிலாளர்கள் வாழும் ஊர். வறுமை மிகுந்து, தீவைக் காலி செய்து வேறிடம் போகவேண்டி வருமோ என்ற அச்சத்தில் அவர்கள் இருந்த காலம். 1967-ஆம் ஆண்டில் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ அங்கே போய், மக்களின் பேச்சையும் கூட்டங்களையும் 25-க்கும் மேற்பட்ட சிறு படங்களாக எடுத்தார். எடுத்ததை முதலில் அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார். வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை நீக்க ஒப்புக்கொண்டார். அவர்கள் சம்மதித்த பிறகே அரசாங்கத்தாருக்குக் காட்டினார்கள். அமைச்சர் சொன்ன பதிலையும் படமாக்கிக் கொண்டு வந்து தீவில் காட்டினார்கள். ஓர் ஊர்க்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களின் படத்தைப் பார்த்து, தங்கள் குறையும் அவர்கள் குறையும் ஒன்றே என்று தெரிந்துகொண்டார்கள். அந்த மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தீவை விட்டுப் போகவில்லை.

இதெல்லாம் படித்தவர்கள் வேலை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். குஜராத் மாநிலத்து அகமதாபாத்தில் உழைக்கும் பெண்களின் சங்கமான சேவா, 1984-ஆம் ஆண்டிலேயே தன் உறுப்பினர்களுக்கு வீடியோப் பயிற்சி கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும், காய்கறி விற்கிற பெண்களும் அதில் இருந்தார்கள். கருவியில் உள்ள பொத்தான்களை எழுத்தைப் பார்க்காமல் அடையாளத்தைக் கொண்டே பழகிக்கொண்டார்கள்.

மூன்று கேமராவின் படமும் கைக்கு வந்த பிறகு, வெட்டி ஒட்டும் வேலை தொடங்குகிறது. இங்கேதான் கவனம் தேவை. தலைவர் பேசும்போது ஒருவர் கொட்டாவி விடுகிறார். அது வேறொரு நேரத்தில் விட்ட கொட்டாவி. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால், அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் கொட்டாவி விட்டார் என்று ஆகிவிடும். கைதட்டலையும் இப்படியே இடம் மாற்றலாம். 1934-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் நாஜிக் கட்சி நடத்திய மாநாட்டைப் பல கேமராக்கள் வைத்துப் படமாக்கினார்கள். கேமராக்காரர் ஏறி இறங்குவதற்காகக் கொடிக் கம்பத்திலேயே மின்தூக்கி பொருத்தினார்கள். அப்படி எடுத்ததை வெட்டி ஒட்டி, ஒரு தலைவரைத் தெய்வம் போலக் காட்டும் படம் செய்தார்கள். கேமரா பல இருந்தால் உண்மை தானே வந்துவிடும் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆகவே நாம் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். ஒலி வெட்டப்படாமல் முதலிலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாகப் போகட்டும். அதன் மேல் எந்தக் கேமராவின் படத்தைக் காட்டினாலும் அந்த விநாடியில் எடுத்ததை மட்டுமே காட்ட வேண்டும். பத்து நிமிடச் சுருக்கம் தனியே செய்து உறவினர்களுக்கு அனுப்புவதில் தவறில்லை. அது சுருக்கம் என்று அதன் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மூலப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். கைப்பேசியில் அடுத்த வாரமே திருவிழாப் படம் வந்து நிரம்பிவிடும். ஆகவே கூட்டம் முடிந்த அன்றிரவே தனிச் சேமிப்புக் கருவிக்கு மாற்றி, இரண்டு படி எடுக்க வேண்டும். ஒன்று சங்கச் செயலாளரிடம், குறிப்பேட்டோடு பூட்டுக்குள் இருக்கட்டும். மற்றொன்று பொறுப்பில் இல்லாத ஒரு பொது மனிதரிடம், கூடுமானால் வேறொரு வீட்டில் இருக்கட்டும். கூட்டத்தின் நாள், இடம், தலைமை தாங்கியவர் பெயர், எந்தக் கேமரா எங்கே நின்றது என்பதைத் தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். நிர்வாகம் மாறும்போது பழைய செயலாளர் புதியவரிடம் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் ஒப்படைப்பார் அல்லவா? அப்போது இதையும் போட்டுக் காட்டி, ஓடுகிறது என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும்.